அலமாரி விளக்கை முன்விளிம்புக்குக் கொண்டுவந்தேன், புத்தகம் பளிச்சென்று தெரிகிறது

மேல் மூன்று தட்டுகளுக்கும் விளக்கு போட்டாயிற்று. கண் கூசவில்லை. ஹாலின் மறுகோடியில் நின்றே தலைப்புகளைப் படிக்க முடிகிறது. ரொம்பப் பெருமையாக இருக்கிறது.

விளக்கு உட்காரும் இடம்தான் முக்கியம். பெரும்பாலும் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பைத் தட்டின் பின்பக்கம் ஒட்டிவிடுகிறார்கள். ஷோகேஸ் பொம்மைக்கு அது சரி, புத்தகத்துக்கு ஆகாது. தலைப்பு இருக்கிற முதுகுப் பக்கம் இருண்டுபோகும். நான் ஒவ்வொரு தட்டுக்கும் மேலே, முன்விளிம்பின் அடியில், ஒன்றரை இன்ச் தேக்குப் பட்டிக்குப் பின்னால் ஸ்ட்ரிப் உட்காரும் 45 டிகிரி அலுமினியச் சட்டத்தை (புரொஃபைல்) உள்நோக்கித் திருப்பி வைத்தேன். புத்தகம் விளிம்பிலிருந்து இரண்டு இன்ச் உள்ளே இருந்தால்தான் வெளிச்சம் முதுகில் மேலிருந்து கீழ்வரை வழிகிறது. விளிம்போடு அடுக்கினால் தலைப்பகுதியோடு நின்றுவிடும். டெம்மி, கிரௌன் என்று புத்தக அளவுகள் ஒரே அகலம் இல்லையே, அதனால் பின்னால் மரக்கட்டை கொடுத்து எல்லா முதுகையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தேன். கட்டையை ஒவ்வொரு வரிசைக்கும் அளந்து அறுக்க வேண்டும். பொறுமை தேவை, ஆனால் அந்த நேர்கோடு தருகிற அழகே தனி.

புரொஃபைலுக்குப் பால்நிற மூடி கட்டாயம். இல்லாவிட்டால் லேமினேஷன் செய்த அட்டையில் ஒவ்வொரு எல்.இ.டி.யும் புள்ளியாகப் பளிச்சிடும்.

வெளிச்சத்தின் நிறம் 3000 கெல்வின், அதாவது இளமஞ்சள். 6500 வெள்ளையில் பழைய தாள் வெளிறிப்போகிறது. ஆன்லைனில் ஒரு கடை 3000 என்று அனுப்பியது இளஞ்சிவப்படித்தது. சென்னைக்காரர்கள் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் எரியவிட்டுப் பார்த்தே வாங்கலாம்.

மின்கணக்கு: என் ஸ்ட்ரிப் மீட்டருக்கு 9.6 வாட். தட்டுக்கு 90 செ.மீ. வீதம் ஐந்து தட்டுக்கு 43 வாட் சொச்சம். 12 வோல்ட், 5 ஆம்பியர் டிரைவர் (வீட்டு மின்சாரத்தை ஸ்ட்ரிப்புக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் பெட்டி) தாராளம். தட்டுக்குத் தட்டு தொடராக இழுத்தால் கடைசித் தட்டு மங்கும். டிரைவரிலிருந்து தனித்தனி ஒயர் கொடுங்கள். கிளிப் கனெக்டர் நாளடைவில் தளர்ந்துவிடும், சோல்டரிங்தான் உறுதி.

நிறவாரியாக அடுக்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை. தேடுகிற புத்தகம் கைக்கு வராத அலமாரி என்ன அலமாரி? கவிதை ஒரு தட்டு, கட்டுரை ஒரு தட்டு. நடுவே மூச்சுவிட ஒரு இடைவெளி, அதில் ஒரு விளாச்சேரி மண்பொம்மை. போதும்.

கீழ் இரண்டு தட்டுக்கு இன்னும் ஒயர் இழுக்கவில்லை. அதற்குள் மனசு கண்ணாடிக் கதவுக்குப் போய்விட்டது. தூசு குறையும், ஆனால் விளக்கு கண்ணாடியில் பிரதிபலிக்குமே? அப்புறம் தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு ஓலைச்சுவடிக்காரர்கள் வழியில் வசம்பு முடிச்சு வைக்கப்போகிறேன். நாட்டு மருந்துக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.