மூட்டை மூட்டையாக அளக்கப்பட்ட அரிசி

ஜப்பானின் ஃபுகுஷிமாவில், உணவிலுள்ள கதிரியக்கத்தை அளக்கக் குடிமக்களே நடத்தும் ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்துக்கு, வயதான அம்மா ஒருவர் வீட்டுக்குப் பின்னாலுள்ள குன்றில் பறித்த காளான்களைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தார். ஊழியர் அவற்றின் மண்ணைத் தட்டி, பொடியாக நறுக்கி, இடைவெளி விழாதபடி அழுத்திக் கொள்கலனில் நிரப்பி, எடை பார்த்து, தடித்த ஈயச் சுவர் கொண்ட கருவிக்குள் இறக்கி மூடினார். அரை மணி நேரத்தில் வந்த எண் வரம்பைத் தாண்டியிருந்தது. அந்த அம்மா காளானைத் திருப்பிக் கேட்கவில்லை.

2011 மார்ச்சில் அங்கு நிகழ்ந்த அணு உலை விபத்துக்குப் பின் கிலோவுக்கு 500 பெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு), பாலுக்கு 200 என்றிருந்த கதிரியக்கச் சீசியத்தின் தற்காலிக வரம்பை, 2012 ஏப்ரலில் ஜப்பான் அரசு பொது உணவுக்கு 100 ஆகவும் பாலுக்கு 50 ஆகவும் குறைத்தது. ஆனால் மக்களின் நம்பிக்கை அதற்கு முன்பே உடைந்திருந்தது. 2011 அக்டோபரில், மாதிரிச் சோதனைகளை வைத்து மாகாண அரிசி பாதுகாப்பானது என்று ஆளுநர் அறிவித்தார். அடுத்த மாதமே ஓனாமி பகுதி அரிசியில் 630 பெக்கரல் தெரியவந்தது. பாதுகாப்பானது என்ற சொல்லை அதன் பிறகு யார் சொன்னாலும் தாய்மார்கள் எப்படி ஏற்பார்கள்?

ஆகவேதான் 2012 அறுவடையிலிருந்து, ஆண்டுதோறும் மாகாணத்தில் விளைந்த அரிசியின் 30 கிலோ மூட்டைகள் ஏறத்தாழ ஒரு கோடியையும், ஒன்றுவிடாமல், நகரும் பட்டையில் ஏற்றிக் கருவிக்குள் செலுத்தி அளந்தார்கள். முதல் ஆண்டில் 71 மூட்டைகள் வரம்பைத் தாண்டின; 2015 அறுவடையிலிருந்து ஒன்றுகூடத் தாண்டவில்லை. பயிர் சீசியத்தையும் பொட்டாசியத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே உறிஞ்சுவதால், வயலில் பொட்டாசியம் தரும் பொட்டாஷ் உரத்தைக் கூடுதலாக இட்டால் சீசியம் ஏறுவது குறைகிறது. இதை விடாமல் செய்த உழவர்களுக்கே அந்த வெற்றியில் பெரும்பங்கு உண்டு என்பேன். 2020 முதல் பெரும்பாலான ஊர்களில் மீண்டும் மாதிரிச் சோதனையே நடக்கிறது. இத்தனை ஆண்டு எண்களுக்குப் பிறகு அது நியாயமானதுதான்.

காட்டு நிலவரம் வேறு. மலைக்காடுகளின் பெரும்பகுதியைத் தூய்மைப்படுத்தவே இல்லை. சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டுகள் ஆகும். காளான், மலைக்கீரை, காட்டுப்பன்றி இறைச்சி ஆகியவற்றில் பல சந்தைக்கு வராமல் நேராக அடுப்புக்குப் போவதால், சந்தைச் சோதனை அவற்றை எட்டுவதில்லை. எனவே, பெரிய திட்டங்கள் சுருங்கினாலும் இந்தச் சிறு கூடங்கள் மூடப்படக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

அந்த அம்மா தம் தோட்டத்துச் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் கொண்டுவந்திருந்தார். அதற்கு "கண்டறியப்படவில்லை" என்று சீட்டு வந்தது. அப்படியென்றால் பூஜ்யம் என்று பொருளல்ல, கருவியால் காண முடிந்த அளவுக்குக் கீழே என்றுதான் பொருள் என விளக்கிய ஊழியர், அந்த அளவு அச்சிடப்பட்டிருந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இருமுறை படித்துவிட்டு, கிழங்குகளைப் பைக்குள் எடுத்து வைத்தார்.