மேயர் கையில் என்ன இருக்கிறது?

மேயர்தான் நகரத்தை ஆள்கிறார் என்று நினைக்கிறோம். எல்லா நகரத்திலும் அப்படி இல்லை. நியூயார்க்கில் பெரும்பாலும் அப்படித்தான்: துறைத் தலைவர்களை மேயர் நியமிக்கிறார், கவுன்சில் (நகர மன்றம்) போடும் சட்டத்தை வீட்டோவும் செய்யலாம், அதாவது தடுத்து நிறுத்தலாம். கவுன்சிலில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்தால்தான் அந்த வீட்டோவைத் தள்ளிவிட்டுச் சட்டத்தை நிறைவேற்ற முடியும்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரம் வேறு வழியில் போனது. 1913-இல் பெருவெள்ளம் ஊரைப் புரட்டிப்போட்டது. அதையடுத்து 1914 முதல் அன்றாட நிர்வாகம் முழுவதும் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட மேலாளர் கைக்குப் போனது. இன்று அமெரிக்காவில் ஏராளமான நகரங்களில் இதே முறைதான். மேலாளர் பட்ஜெட்டைத் தயாரிப்பார், கவுன்சில் திருத்தி நிறைவேற்றும். பிடிக்கவில்லையென்றால் கவுன்சில் அவரை வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் குழி விழுந்த சாலையைப் போடச் சொல்லி ஒரு கவுன்சிலர் பொறியாளரை நேரடியாக ஏவக்கூடாது, மேலாளர் வழியாகத்தான் போகவேண்டும். (நம்மூர் அரசியல்வாதிகளுக்கு இதைக் கேட்டாலே தலை சுற்றும்!)

ஏட்டளவில் எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. சரி, நிர்வாகம் சொதப்பினால் மக்கள் யாரைத் தோற்கடிப்பது? மேலாளர் பெயர் வாக்குச்சீட்டிலேயே இருக்காதே.