வலிப்பு நின்றுவிட்டது, அதைக் காகிதத்தில் ஏற்றத்தான் பெரும்பாடு

வெண்டிலேட்டரில் இருந்த என் பச்சிளம் மகளுக்கு மயக்கத்துக்காக மிடாசோலம் ஊசி போட்டார்கள். ஃபென்டனில் என்ற வலி மருந்து ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் கைகால் வெட்டி இழுக்கத் தொடங்கிவிட்டது. மருந்து வேகமாக ஏறியதால் இருக்கலாம் என்று பணியிலிருந்த இளம் மருத்துவர் என்னிடம் சொன்னார். மருந்தை நிறுத்தினார்கள், இழுப்பு நின்றது, மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்தார்கள், வீட்டுக்கு வந்தோம்.

டிஸ்சார்ஜ் சம்மரியைப் பிரித்தால், ‘வலிப்பு வந்தது, சரியானது’ என்று ஒரே வரி. மருந்தின் பெயரே இல்லை! வலிப்பை நிறுத்தவும் இதே மிடாசோலத்தைத்தான் போடுவார்கள். விவரம் தெரியாத மருத்துவர் நாளை அதையே கையில் எடுத்தால்?

கேஸ் ஷீட் நகல் கேட்டுப் போனேன். பதிவேட்டுப் பிரிவில் இருந்தவர், “பெரிய டாக்டர் கையெழுத்து வேண்டும்” என்றார். பெரிய டாக்டர் வெளியூரில். அவர் திரும்பிய அன்று இவர் விடுப்பு. பிறகு, “கேஸ் போடப் போகிறீர்களா சார்?” என்று ஒரு கேள்வி வேறு. வாய்ப் பேச்சை விட்டுவிட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதி சொல்கிறது. அதை விண்ணப்பத்தில் குறிப்பிட்ட பிறகுதான் ஜெராக்ஸ் இயந்திரம் ஓடியது. நர்ஸ் எழுதும் சார்ட்டையும் மறக்காமல் கேளுங்கள். ஊசி போட்ட நேரமும் இழுப்பு வந்த நேரமும் அதில்தான் அடுத்தடுத்து இருந்தன.

மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் மத்திய அரசுத் திட்டத்துக்கும் தெரிவித்தேன். கட்டணமில்லா எண் 1800-180-3024. மருந்துதான் காரணம் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகமே போதும். அதில் கேட்ட பேட்ச் எண்ணுக்கு (மருந்து எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்) எங்கே போவது என்று விழித்தபோது, மருத்துவமனை மருந்தகத்தின் பில்லிலேயே அச்சாகியிருந்தது. அந்தப் பில்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

நகல்களோடு பெரிய டாக்டர் முன் உட்கார்ந்தேன். வேகமாக ஏற்றினால், அதுவும் ஃபென்டனிலோடு சேர்ந்தால், பச்சிளம் குழந்தைகளுக்கு ரத்த அழுத்தம் சரிந்து வலிப்பும் வரலாம் என்பது அமெரிக்காவில் இந்த மருந்தின் குறிப்பிலேயே உள்ள எச்சரிக்கை. அவருக்கும் அது தெரிந்தே இருந்தது. முகம் சுளித்தாலும், ‘மிடாசோலத்துக்குப் பின் வலிப்பு’ என்று திருத்தி எழுதிக் கையெழுத்திட்டார்.

அடுத்து எம்.ஆர்.ஐ. எடுக்க வேறிடம் போனோம். மயக்கம் கொடுக்கத் தயாரான மருத்துவர் அந்த வரியைப் படித்தார், ஊசியை எடுக்கவில்லை. பால் கொடுத்து, துணியால் இறுகச் சுற்றித் தூங்க வைத்தே படம் எடுத்துவிட்டார்.