கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு வீடு எடுக்கப் போகிறவர்களுக்கு: வீட்டு உறுதியை (உரிமைப் பத்திரத்தை) காட்டச் சொல்லுங்கள்

நான்கு மாத அலைச்சல் போன வாரம்தான் முடிந்தது. வீடு தேடியது மூன்றே வாரம். மிச்சமெல்லாம் ஒரு கடதாசிக்காகப் போன காலம்.

நல்லூரில் கிணறும் முற்றமுமாக 30 ஆயிரம் ரூபா வாடகையில் இருந்தவர்கள் நாங்கள். இங்கே மூன்றாம் மாடியில், லிப்ட் இல்லாத இரண்டு அறை வீட்டுக்கு 85 ஆயிரம் என்றதும் பகீரென்றது. வத்தளைப் பக்கம் போனால் குறையும் என்றார்கள். மனைவிக்கு பம்பலப்பிட்டியில் வேலை, அம்மாவுக்குக் கோயில் நடை தூரத்தில் வேண்டும். சரி, இதுவே என்று முடிவெடுத்தோம்.

வாடகையை விட முற்பணம்தான் ஆளை முறிக்கிறது. ஒரு வருடத்துக்கு, 10 லட்சத்து 20 ஆயிரம் கேட்டார்கள். புறோக்கருக்கு ஒரு மாத வாடகை வேறு.

வீட்டுக்காரர் இருப்பது டொரொண்டோவில். இங்கே எல்லாம் பார்ப்பவர் அவருடைய தம்பி. இரண்டு வருட ஒப்பந்தம் ஒன்றை அவரே டைப் அடித்துக் கொண்டுவந்தார். "நாங்கள் எங்கட ஆக்கள்தானே தம்பி, நொத்தாரிசு எல்லாம் எதுக்கு?" நொத்தாரிசு என்றால் ஒப்பந்தங்களை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர். நானும் பேனையைக் கையில் எடுத்துவிட்டேன்.

அம்மா விடவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லாட்ஜ்களில் இருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்களே, அதில் என் மாமாவும் ஒருவர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து உத்தரவிட்டது. அதற்குள் மாமா வவுனியாவில் இறக்கப்பட்டிருந்தார். கொழும்பில் இருப்பதற்குக் கையில் சரியான கடதாசி வேண்டும் என்பதில் அம்மா அன்றிலிருந்து உறுதி.

அம்மாவின் பிடிவாதத்தால் ஒரு நொத்தாரிசிடம் போனோம். அந்தப் பெண்மணி முதலில் கேட்டதே, "உறுதியில் யாருடைய பெயர்?" என்றுதான். அண்ணனுடையது. தம்பிக்கு அற்றோனித் தத்துவம், அதாவது அண்ணனுக்காகக் கையெழுத்து வைக்கும் எழுத்து அதிகாரம், இருக்கிறதா? தம்பிக்காரர் போனில் அதன் மங்கிய படம் ஒன்றைக் காட்டினார். பதிவு இலக்கம் இல்லை. அப்புறம்தான் நொத்தாரிசு விளங்கப்படுத்தினார்: 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். அந்த டைப் அடித்த தாளை நம்பியா பத்து லட்சத்தைக் கொடுக்க இருந்தேன்? அன்று இரவு தூக்கமே வரவில்லை.

தம்பிக்காரருக்குக் கோபம். "இவ்வளவு நாளும் ஆக்கள் இப்படித்தான் இருந்தவை." எங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்தவர் என்ன பாடுபட்டார் என்பதைக் கீழ்வீட்டு அக்கா பிறகு சொன்னார்: முற்பணத்தைத் திருப்பி வாங்க ஏழு மாதம் நடந்தாராம்.

டொரொண்டோவில் இருந்து வந்த முதல் அற்றோனிப் பத்திரம் உதவவில்லை. வீட்டுக்காரரின் பெயரில், உறுதியில் தகப்பன் பெயர் முன்னால், பாஸ்போர்ட்டில் பின்னால், எழுத்துக்கூட்டலும் வேறு. திரும்ப எழுதி, திரும்ப அனுப்பி, இங்கே பதிந்து முடிய இரண்டரை மாதம். அதுவரை கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டு விறாந்தையில் பெட்டிகளோடு கிடந்தோம்.

அந்தத் தாமதத்தைக் காட்டியே முற்பணத்தை ஆறு மாதமாகக் குறைத்தேன். வீட்டை விட்டு 30 நாளுக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் எழுத வைத்தேன். நீங்கள் அட்வான்ஸில் ஒரு ரூபா கொடுக்கும் முன்பே உறுதிப் பிரதியைக் கேளுங்கள். தயங்கினால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

கிராம சேவகரிடம் பதியப் போனபோது, கறண்ட் பில் வீட்டுக்காரரின் காலமான தகப்பன் பெயரில் இருக்கிறதென்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். பதிந்த ஒப்பந்தத்தைக் காட்டித்தான் மறுமுறை வேலை நடந்தது. பில் இன்னமும் அந்தப் பெயரில்தான் வருகிறது. மாற்றித் தரச் சொல்லி நேற்றும் தம்பிக்காரருக்குப் போன் எடுத்தேன்.