குழந்தைத் துணிக்கடையும் திருப்பூர் சனிக்கிழமையும்

குழந்தைகளுக்கான துணிக்கடையை நியாயமாக நடத்த வேண்டும் என்று இறங்குபவர்கள் முதலில் தேடுவது சான்றிதழைத்தான். அது தேவைதான், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். ஆனால் ஒரு மாடலில் நூறு, இருநூறு பீஸ் மட்டுமே எடுக்கும் சின்னக் கடைக்கு அதைவிடப் பெரிய விஷயம், ஆர்டரை எப்படிக் கொடுக்கிறோம், பணத்தை என்றைக்குத் தருகிறோம் என்பது.

திருப்பூரில் தையல் யூனிட்களில் பெரும்பாலும் வாரச் சம்பளம், சனிக்கிழமை பட்டுவாடா. இருபது மெஷின் வைத்து ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குத் தைத்துத் தரும் வேலை எடுக்கும் யூனிட்காரர் கையில் அந்த வாரம் பணம் இல்லையென்றால் கடன் வாங்குவார், இல்லையென்றால் பாதிச் சம்பளம் கொடுத்துவிட்டு மீதியை அடுத்த வாரத்துக்குத் தள்ளுவார். கடைக்காரர் 'சரக்கு விற்றதும் தருகிறேன்' என்று சொல்வதன் முழு எடையும் கடைசியில் பவர் டேபிளில், அதாவது மோட்டார் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் மேல்தான் விழும். அதனால் துணியை நாமே வாங்கிக் கொடுத்துவிட்டு, தையல் கூலியில் பாதியைக் கட்டிங் அன்றும் மீதியைச் சரக்கு இறங்கிய அந்த வாரத்துச் சனிக்கிழமைக்கு முன்பும் கொடுப்பது நல்ல ஏற்பாடு. சட்டமும் கடனை இஷ்டத்துக்கு இழுக்க விடுவதில்லை. 2006 ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டப்படி, பதிவு செய்த யூனிட்டுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள். அந்த யூனிட்டுக்கு வைத்த பாக்கி இந்தக் கெடுவையும் ஆண்டுக் கணக்கையும் தாண்டினால், வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது.

அடுத்தது தேதி. திருப்பூரில் வேலையை ஷிப்ட் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு ஷிப்ட் என்பது எட்டு மணி நேரம், ஒன்றரை ஷிப்ட் என்றால் பன்னிரண்டு மணி நேரம். சீசனில் ஒன்றரை ஷிப்ட் வழக்கமாகிவிடும். அதற்கு மேல் ராத்திரி வேலை வருவது பெரும்பாலும் யாரோ ஒருவர் கலரையோ அளவையோ கடைசி நேரத்தில் மாற்றியதால்தான். தீபாவளிச் சரக்குக்கு ஆடி முதல் வாரத்தில் துணி புக் ஆக வேண்டும். நிட்டிங், சாயம் போடும் டையிங், துணி பின்னால் சுருங்காதபடி முன்கூட்டியே சுருக்கும் காம்பாக்டிங் முடிய மூன்று நான்கு வாரம். சாம்பிள் தைத்து, துவைத்துப் பார்த்து ஒப்புக்கொள்ள இரண்டு வாரம், அதைத் துணி வேலை நடக்கும்போதே சேர்த்து முடித்துவிடலாம். தையலுக்கு மூன்று வாரம். புரட்டாசி பிறக்கும்போது சரக்கு கடையில் இருக்க வேண்டும். தீபாவளியை ஒட்டி வெளியூர், வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், ஊரே அடங்கிவிடும். அந்த நேரத்தில் 'இன்னும் ஐம்பது பீஸ்' என்று கேட்கவே கூடாது. சாம்பிளில் கையெழுத்துப் போட்ட பிறகு எதையும் மாற்றக் கூடாது என்பதை நமக்கு நாமே விதியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

விலைக்கு வருவோம். ஒரு வயசுக் குழந்தைக்கான அரைக்கை டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) துணியில் கட்டிங் கழிவும் சேர்த்துப் பீஸுக்கு ஏறக்குறைய 90 கிராம் ஆகும். கணக்குக்காகத் துணி கிலோ 600 ரூபாய் என்று வைத்தால் துணிக்கு 54. கட்டிங், தையல், செக்கிங், அயர்ன் எல்லாம் சேர்த்து 35. பட்டன், லேபிள், நூல், கவர் 12. பிரிண்ட் 10. லாரி வாடகையும் சேதாரமும் 6. அடக்கம் 117. இதை இரண்டரையால் பெருக்கி 299 என்று சீட்டு ஒட்டுவது வழக்கம். இப்போது தையல் கூலியை 8 ரூபாய் கூட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பழைய பழக்கத்தில் அதையும் இரண்டரையால் பெருக்கினால் வாடிக்கையாளர் 20 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டிவரும். அதில் ஜிஎஸ்டி போக ஏறக்குறைய 11 ரூபாய் நம் கல்லாவுக்கு வரும், 'நியாயமான கூலி கொடுத்தால் விலை ஏறிவிடுகிறது' என்ற பேச்சும் கூடவே வரும். கூட்டிய கூலியைப் பெருக்காமல் அப்படியே விலையில் சேர்த்தால், 5 சதவீத ஜிஎஸ்டியோடு 8 ரூபாய் 40 காசுதான். இந்த ஒரு பழக்கத்தை மாற்றினாலே நியாயக் கூலியும் நியாய விலையும் ஒன்றுக்கொன்று பகையில்லை என்பது புரியும்.

சின்னக் கடையை அதிகம் படுத்துவது துணியின் குறைந்தபட்ச அளவு. டையிங்கில் ஒரு கலருக்கு நூறு கிலோ கேட்பார்கள், சின்ன மெஷின் வைத்திருப்பவர் ஐம்பதுக்கு இறங்கி வருவார். ஐம்பது கிலோ என்பதே ஐந்நூறுக்கும் மேல் டி-ஷர்ட். இதற்கு உள்ள வழிகளில் எனக்குப் பிடித்தது, ஒரு கலரை மூன்று மாடலுக்குப் பிரித்துப் போடுவது: ஜப்லா, டிராயர், கொஞ்சம் பெரிய குழந்தைக்கு டி-ஷர்ட். வேறு ஊரில் இதே போல நடத்தும் இரண்டு கடைகளோடு சேர்ந்து ஒரே லாட்டைப் பகிர்வதும் நன்றாக நடக்கும்.

எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதிக்குத் தயாரித்ததில் மிஞ்சிய சரக்கு, இன்னொரு வழி. திருப்பூர் காதர்பேட்டையில் கிலோ கணக்கில் கிடைக்கும். வீணாகப் போகும் துணியை உபயோகிப்பது நல்லதுதான், ஆனால் குழந்தைத் துணியில் ஒரு கேள்வியைக் கேட்காமல் வாங்கக் கூடாது: இது மிஞ்சியதா, தள்ளப்பட்டதா? அளவு தவறியோ ஷேடு மாறியோ தள்ளியிருந்தால் பாதகமில்லை. கெமிக்கல் டெஸ்டில் விழுந்தோ, ஊசித் துண்டு சிக்கியோ தள்ளியிருந்தால் அது எந்தக் குழந்தையின் உடம்புக்கும் ஆகாது. பில் தராதவரிடம், காரணம் சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

இப்போது சான்றிதழ். காட்ஸ் (GOTS) என்பது ஆர்கானிக் துணிக்கான உலகத் தரம். அதில் 95 சதவீதமாவது ஆர்கானிக் இழை இருந்தால்தான் 'ஆர்கானிக்' என்று போடலாம், 70 இருந்தால் 'ஆர்கானிக் கலந்து செய்தது' என்ற வகை. பலர் தவறுவது இங்கே இல்லை. காட்ஸ் துணியை வாங்கிவந்து சான்று இல்லாத யூனிட்டில் தைத்தால், அந்தச் சட்டையில் காட்ஸ் முத்திரை போடக் கூடாது. பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங்கிலிருந்து தையல் வரை சங்கிலி முழுவதும் சான்று பெற்றிருக்க வேண்டும். மில்காரர் காட்டும் ஸ்கோப் சான்றிதழ் 'இந்த இடத்துக்கு இதைச் செய்யத் தகுதி உண்டு' என்று மட்டுமே சொல்லும். நாம் வாங்கிய அந்த லாட் உண்மையிலேயே ஆர்கானிக் என்று சொல்வது டிரான்ஸாக்‌ஷன் சான்றிதழ். அதையும் எண்ணை வைத்துச் சரிபார்க்க வேண்டும். 2020இல் இந்திய ஆர்கானிக் பருத்தியில் போலிச் சான்றிதழ்கள் பெரிய அளவில் பிடிபட்டதை காட்ஸ் அமைப்பே வெளியிட்டது. ஓகோ-டெக்ஸ் 100 வேறு சங்கதி. அது பருத்தி எப்படி விளைந்தது என்று பார்ப்பதில்லை, முடிந்த துணியில் கெடுதலான ரசாயனம் இருக்கிறதா என்று பார்க்கிறது. மூன்று வயது வரைக்கும் உள்ள குழந்தைத் துணிக்கு அதில் முதல் வகுப்பு, மிகக் கடுமையானது. கைக்குழந்தைத் துணிக்கு எனக்கு இதுதான் முதலில் வேண்டும்.

சாயத்தில் நியாயமும் தரமும் ஒரே இடத்தில் வந்து சேரும். நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக் கழிவால் கெட்டுப்போனது தெரிந்த கதை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்ப உபயோகிக்கும் முறை உறுதியாக வந்தது. அதில் ஒவ்வொரு லிட்டருக்கும் செலவு உண்டு. மிகவும் மலிவான டையிங் ரேட் வந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: கழிவு எங்கோ போகிறது, அல்லது சாயம் போட்ட பின் சோப்பு நீரில் அலசும் கடைசி சோப்பிங்கைக் குறைத்திருக்கிறார்கள். சோப்பிங் குறைந்தால் துணியில் ஒட்டாத சாயம் அப்படியே தங்கிவிடும். சிவப்பு, மெரூன், நேவி மூன்றிலும் இது உடனே தெரியும். வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து சட்டை மேல் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். பிறகு அதே ஈரத் துணியைச் சட்டையோடு சேர்த்து மடித்து, மேலே கனமான புத்தகம் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். குழந்தை காலரைச் சப்பும் என்பதை நினைத்துக்கொண்டு காலையில் அந்த வெள்ளைத் துணியைப் பார்க்க வேண்டும்.

பிரிண்டில், அயர்ன் பெட்டியை மேலே வைத்தால் இளகி ஒட்டுவது பிளாஸ்டிசால், பிவிசி வகை. கைக்குழந்தைக்குத் தண்ணீர் அடிப்படையிலான பிக்மெண்ட் பிரிண்ட் கேளுங்கள். துணியின் சாயத்தை நீக்கி அந்த இடத்தில் போடும், தொட்டால் மெத்தென்று இருக்கும் டிஸ்சார்ஜ் பிரிண்டை நல்லது என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதில் ஃபார்மால்டிஹைடு வெளிவரும் ரசாயனம் உண்டு, துவைக்காமல் போட்டால் தோலுக்கு ஆகாது. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல், பல முறை துவைத்து நைந்த வேட்டித் துணியைச் சுற்றும் நம் வீட்டு வழக்கம் இந்த இடத்தில் முழுக்கச் சரி. கடையில் விற்கும் கைக்குழந்தைத் துணியைத் தைத்த பின் ஒரு முறை துவைத்தே பேக் செய்யச் சொல்லலாம். செலவு கொஞ்சம் கூடும், சுருக்கமும் அங்கேயே தெரிந்துவிடும்.

சுருக்கத்தைச் சாம்பிள் துணியிலேயே பார்க்க வேண்டும். துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் பால்பாயின்ட் பேனாவால் வரைந்து, வாடிக்கையாளர் துவைப்பது போலவே மூன்று முறை துவைத்து, வெயிலில் காயவைத்து அளந்தால் போதும். 47.5க்குக் கீழே போனால், அதாவது 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கினால், ஏற்க வேண்டாம். கிலோவுக்கு அதிகப் பீஸ் எடுப்பதற்காகத் துணியை இழுத்து ஃபினிஷ் செய்திருப்பார்கள், தண்ணீர் பட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஜிஎஸ்எம் பார்க்க மெஷின் வேண்டாம். 10க்கு 10 சென்டிமீட்டர் வெட்டி நகைத் தராசில் போட்டால் 1.80 கிராம் என்பது 180. துவைத்ததும் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வருவது டி-ஷர்ட்டுக்குப் போடும் சிங்கிள் ஜெர்சி பின்னல் துணியின் பிறவிக் குணம். ரோலைப் பிரித்து ஒரு நாள் தளரவிட்டு வெட்டினால் ஓரளவு குறையும். அவசர ஆர்டரில் இந்த ஒரு நாளைத்தான் முதலில் விழுங்குவார்கள்.

தைத்து வந்த சரக்கில் ஒவ்வொரு பீஸையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும், பத்துக்கு ஒன்று போதாது. காலுறை, கையுறை, டிராயர் கால் ஆகியவற்றில் தொங்கும் நூல் குழந்தையின் விரலில் சுற்றி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும், குழந்தை ஏன் அழுகிறது என்றுகூட வீட்டில் தெரியாது. பிசிறு வெட்டும் கூலியில் மிச்சம் பிடிக்கவே கூடாது. ஒரு வயசுக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 46 சென்டிமீட்டர், அதனால் கழுத்தை இழுத்தால் 50 வரை விரிய வேண்டும். இழுக்கும்போது 'படக்' என்று நூல் தெறித்தால் மெஷினில் நூல் டென்ஷன் அதிகம். பிரஸ் பட்டனை ஒற்றைத் துணியில் அடித்தால் நாலு துவைப்பில் துணியோடு பிய்த்துக்கொண்டு வரும். இரண்டு மடிப்பும் நடுவில் ஃபியூசிங் என்ற ஒட்டுத் துணியும் வேண்டும். எக்ஸ்போர்ட்டில் பலர் கேட்பது 90 நியூட்டன் இழுவை, ஏறக்குறைய ஒன்பது கிலோ. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை மாட்டி இழுத்துப் பார்க்கலாம். ஹூடிலும் கழுத்திலும் இழுத்துக் கட்டும் நாடா வைத்த எதையும் சின்னக் குழந்தைக்கு வாங்கி அடுக்கக் கூடாது.

ஊசிக்குத் தனிக் கவனம் வேண்டும். சின்ன யூனிட்டில் ஊசித் துண்டைக் கண்டுபிடிக்கும் நீடில் டிடெக்டர் மெஷின் இருக்காது. அதனால் ஆர்டர் தாளிலேயே எழுதிவிட வேண்டும்: உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் கொடுத்தால்தான் புது ஊசி, துண்டுகளை நோட்டில் தேதியோடு செலோ டேப்பில் ஒட்ட வேண்டும், ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்த பண்டில் முழுவதும் தனியே போகும். ஒதுக்கிய பண்டிலுக்கும் தையல் கூலி உண்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது இல்லாவிட்டால் யாரும் ஊசி உடைந்ததைச் சொல்ல மாட்டார்கள்.

தீபாவளிக்கு நெட் ஃபிராக் கேட்டு வருவார்கள். நைலான் நெட்டும், ஃபிராக் விரிந்து நிற்க உள்ளே வைக்கும் கேன்கேனும் மத்தாப்புப் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தியும் தீப்பிடிக்கும்தான், ஆனால் இப்படி உருகி ஒட்டாது. பார்ட்டி உடை விற்பதாக இருந்தால் உள்ளே முழுப் பருத்தி லைனிங் போட்டதை வையுங்கள், பட்டாசு வெடிக்கும்போது போடக் கூடாது என்று பில் போடும்போதே வாய் திறந்து சொல்லுங்கள். விற்பனை கொஞ்சம் குறையலாம், குறையட்டும்.

குழந்தை வளர்வதைக் கணக்கில் வைத்துத் தைப்பதை நம் தையல்காரர்கள் எப்போதும் செய்துவந்தார்கள். பட்டுப் பாவாடையில் பிடிக்கும் டக் மடிப்பு அதற்குத்தான். பருத்தி ஃபிராக்கிலும் கீழே இரண்டு அங்குலம் மடித்து, பக்கத்தில் அரை அங்குலம் கூடுதலாக விட்டுத் தைத்தால் ஒரு வருஷம் கூடுதலாக வரும். பிரித்துத் தைத்துத் தருவதைக் கடையிலேயே வைத்தால் அந்த அம்மாக்கள் திரும்பி வருவார்கள்.

கடையில் நிற்பவர்களையும் மறக்க வேண்டாம். 2021இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் செய்த திருத்தப்படி, வேலை செய்யும் எல்லாருக்கும் உட்கார இருக்கை வைப்பது கட்டாயம். ஸ்டூலை மூலையில் போட்டால் போதாது, கவுண்டருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக, தொங்கும் அட்டையில் என்ன எழுதுவது? 'அறம் சார்ந்த தயாரிப்பு' என்ற வரியை யாராலும் சரிபார்க்க முடியாது. இழை என்ன, எத்தனை சதவீதம், நிட்டிங், டையிங், தையல் எந்த ஊரில், தையல் கூலி எத்தனை ரூபாய் என்று நாலு வரி எழுதலாம். நூல் எந்த மில்லில் இருந்து வந்தது என்று கேட்டு வாங்கி அதையும் சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை வருஷக்கணக்கில் கட்டிப்போட்டது நூற்பாலைகளில்தான். மில் பெயர் தெரியாவிட்டால் அந்த வரியை அட்டையில் காலியாகவே விடுங்கள், யாராவது கேட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள், அடுத்த லாட்டுக்குத் துணி வியாபாரியிடம் மில் பில்லின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.