இருபது நிமிடம் அசையாமல்

பிப்ரவரி 4

ஓவிய வகுப்பில் நிர்வாண மாடலாக நிற்கச் சம்மதித்துவிட்டேன். ஆசிரியர் தொலைபேசியிலேயே விதிகளைச் சொன்னார். யாரும் தொடக் கூடாது. நிலையை மாற்ற வேண்டுமானால் வாயால்தான் சொல்வார்கள். வகுப்பு முடியும்வரை கைப்பேசிகள் பைக்குள். புகைப்படம் அறவே கூடாது. நான் கேட்கும் முன்பே இதையெல்லாம் அவர் சொன்னதில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. நான் கொண்டுபோக வேண்டியவை ஓர் அங்கி, செருப்பு, உட்காரும் இடத்தில் விரிக்க என் சொந்தத் துண்டு.

பிப்ரவரி 7

கதவைத் தாழிட்டுக் கண்ணாடி முன் பழகினேன். ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி நின்றேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் நிமிடத்தில் தோள் எரிந்தது, ஐந்தாம் நிமிடத்தில் விரல்கள் மரத்தன. தூக்கிய கை ஒரு நிமிட நிலைகளுக்கு மட்டுமே என்று முடிவுசெய்துகொண்டேன்.

பிப்ரவரி 11

முதல் வகுப்பு. உடை களைவது கடினமாக இல்லை, அது தடுப்புக்குப் பின்னால் நடக்கிறது. அங்கியின் முடிச்சை எல்லோர் முன்பும் அவிழ்க்கும் அந்த இரண்டு நொடிதான் மலையாக இருந்தது. அவிழ்த்தேன். உடனே கரிக்குச்சிகள் தாளில் உரசும் ஓசை எழுந்தது, காய்ந்த சருகின் மேல் யாரோ விரைந்து நடப்பதுபோல. அந்த ஓசைக்குள் என் கூச்சம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

முதலில் ஒரு நிமிட நிலைகள் பத்து. பிறகு இருபது நிமிடம் ஒரே நிலை. எடையை இடது காலில் வைத்து, வலது முழங்காலைத் தளர்த்தி நின்றேன். "முழங்காலை இறுக்கிப் பூட்டாதீர்கள், மயக்கம் வரும்" என்றார் ஆசிரியர். பன்னிரண்டாம் நிமிடத்திலிருந்து என் உலகம் முழுக்க இடது பாதத்தின் சுண்டுவிரல்தான். முதலில் ஊசி குத்தியது, பிறகு சூடேறியது, பிறகு அது என்னுடையதாகவே இல்லை. சுவரில் ஓர் ஆணித் துளையைப் பார்த்தபடி மூச்சை எண்ணினேன். இடைவேளைக்கு முன் ஆசிரியர் என் பாதங்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டினார், திரும்பி வந்து அதே இடத்தில் நிற்பதற்கு.

பிப்ரவரி 13

இன்னும் கெண்டைக்கால் வலிக்கிறது. இதை உழைப்பு இல்லை என்று சொல்பவரை ஒருமுறை மேடையில் நிற்க வைக்க வேண்டும்.

1886-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா கலைக்கழகத்தில், மாணவிகளும் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடுப்புத் துணியை அகற்றியதற்காகத் தாமஸ் ஈக்கின்ஸ் என்ற ஓவிய ஆசிரியர் பதவி விலக நேர்ந்தது. அவர் பெயர் நிலைத்துவிட்டது. அந்த மாடலுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்பதையே நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சூசன் வாலடோனை நினைத்தால் மனம் நிமிர்கிறது. ரெனுவார், துலூஸ் லோத்ரெக் என்ற பிரெஞ்சு ஓவியர்களுக்கு மாடலாக இருந்தவர். அவர்கள் வரைவதைக் கவனித்துக் கற்று, தாமும் ஓவியரானார்.

பிப்ரவரி 18

இன்று உட்கார்ந்த நிலை. ஹீட்டரை ஒரு பக்கம் மட்டும் வைத்திருந்தார்கள். வலது தொடை தகித்தது, முதுகு குளிர்ந்தது. இடைவேளையில் வாய் திறந்து சொன்னேன். உடனே இன்னொன்று வந்தது. முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

அங்கியைப் போர்த்திக்கொண்டு ஓவியங்களைப் பார்க்கப் போனேன். ஒன்றில் எனக்குத் தலையே இல்லை, தாள் போதவில்லை. இன்னொன்றில் என் கைக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தை மட்டும் கறுப்பாக்கியிருந்தார் ஒருவர். அதிலிருந்தே நான் எழுந்து வந்திருந்தேன். ஓரத்திலிருந்த பெரியவரின் தாள் முன் வெகுநேரம் நின்றுவிட்டேன். வயிறு முழுவதும் கரியைத் தேய்த்து நிழலிட்டு, பிரசவ அறுவையின் தழும்பை ரப்பரால் ஒற்றி எடுத்திருந்தார். ஒரே ஒரு வெள்ளைக் கோடு, என் தோலில் உள்ளதுபோலவே இடது முனையில் சற்று மேலேறி. பதினான்கு ஆண்டுகளாக நான் புடவைக் கொசுவத்துக்குள் மறைத்த கோடு அது.

"சரியாக வந்திருக்கிறதா அம்மா?" என்று கேட்டார்.

"சரியாக இருக்கிறது ஐயா" என்றேன்.

பிப்ரவரி 25

இனி மூன்று வாரம் ஒரே நிலை, வாரம் மூன்று மணி நேரம். நிலையை என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். படுக்கலாம்தான். நின்றேன், தழும்பு வெளிச்சத்தில் விழும்படி. மேடையில் ஒட்டிய டேப்பை அடுத்த வாரம்வரை யாரும் எடுக்க மாட்டார்கள்.