டிம்மில் எரியுது, பிரைட்டில் அணையுது

இரண்டு ஸ்பொட் லைற் பூட்டுவதற்கு எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. அரை நாள் வேலை என்றுதான் தொடங்கினேன்.

வாகனம் 1994 ஹைலக்ஸ் டபுள் கெப், எல்என் 106. கிழமைக்கு இரண்டு தரம் சாமத்தில் திருகோணமலையிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றப் போவேன். கந்தளாய் தாண்டினால் ஹபரணை வரைக்கும் யானை ரோட்டு. மங்கின ஹெட்லைற்றில் யானை தெரியிற நேரம் பிரேக்கில் ஏறி நிற்கத்தான் நேரம் இருக்கும். அதற்காகத்தான் 55 வாற் ஸ்பொட் இரண்டு. பிரைட் போட்டால் எரியவேணும், எதிரில் ஆள் வந்து டிம் அடித்தால் தானாக அணையவேணும். அவ்வளவுதான் கேட்டது.

வாகன வயரிங் செய்யிற ஒரு பாஸிடம் (மேசன் பாஸ் மாதிரி, தொழில்காரர்) விட்டேன். பின்னேரம் எடுத்து, இருட்டினதும் நிலாவெளி ரோட்டில் போட்டுப் பார்த்தால், டிம்மில் இரண்டும் பளீரென்று எரியுது. பிரைட் அடித்தால் அணையுது! எதிரே வந்த ஓட்டோக்காரர் நிறுத்தி ஏசின ஏச்சை இங்கே எழுத ஏலாது.

அடுத்த ஞாயிறு போனேன். "ரிலே பழுது தம்பி, வேற வாங்கிட்டு வாங்க." ரிலே என்றால் சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கிற சுவிச். வாங்கினேன், அதே கதை. "அப்ப சுவிச்சாத்தான் இருக்கும்." அதையும் வாங்கினேன். அதே கதை. கடைசியில், "பழைய வாகனம்தானே, இப்பிடித்தான் இருக்கும்" என்றார். கூலியில் மட்டும் ஒரு பிழையும் இல்லை.

வீட்டில் மல்ரிமீற்றரை எடுத்து, பல்ப் பூட்டியபடியே ஹெட்லைற் பிளக்கின் பின்பக்கம் குத்திப் பார்த்தபோதுதான் விளங்கியது. டிம்மில் பிரைட் வயரில் 12 வோல்ற் காட்டுது, பிரைட் போட்டால் பூச்சியம். இந்தப் பழைய ஹைலக்ஸில் டிம்–பிரைட் சுவிச் பிளஸ்ஸை மாற்றுவதில்லை, ஏர்த்தை, அதாவது மைனஸ் பக்கத்தை, மாற்றுது. ஹெட்லைற் போட்டால் டிம்மோ பிரைட்டோ, பிளஸ் இரண்டு இழைக்கும் பொதுவான வயரில் வந்து நிற்கும். ரிலேயை இழுக்கிற சுருளின் இரண்டு முனைகள்தான் 86உம் 85உம். பாஸ் வழக்கம்போல 86ஐ பிரைட் வயரிலும் 85ஐ வண்டியின் பொடித் தகட்டிலும் (ஏர்த்) கொடுத்திருக்கிறார். டிம்மில் பிரைட் இழை வழியாக வாற கரண்டே ரிலேயை இழுக்கப் போதும். எல்லாம் தலைகீழ்.

86ஐ டாஷ் சுவிச் வழியாகப் பொது வயருக்கும், 85ஐ பிரைட் வயருக்கும் மாற்றினேன். பத்து நிமிசம். பழைய ஜப்பான் வாகனம் வைத்திருப்பவர்கள் ஒரு வயரையும் வெட்டமுதல் மீற்றரால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நெஞ்சு பகீரென்றது அதற்குப் பிறகு. பற்றரியிலிருந்து வந்த மெயின் வயர் தகட்டு ஓட்டையால் றப்பர் இல்லாமல் உள்ளே போகுது. விளிம்பில் உராய்ந்து உராய்ந்து செம்பு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்குது. வயரும் வீட்டுக்குப் போடுற ஒற்றைக் கம்பி. பியூஸ் எங்கே? டாஷுக்குக் கீழே, 30 அம்பியர் பச்சை. அந்தச் செம்பு பொடியில் தொட்டிருந்தால் பியூஸுக்குத் தெரியவே வந்திராது, வண்டி பத்தியிருக்கும். பியூஸ் பற்றரிக்குக் கிட்ட இருக்கவேணும். இரண்டு ஸ்பொட்டும் சேர்த்து 9 அம்பியர்தான் இழுக்கும், 15இன் நீலம் போதும். பல இழை வயர், 2.5 சதுர மில்லிமீற்றர், போட்டு, ரிலேயையும் பற்றரிப் பக்கம் கொண்டுவந்தேன்.

மூன்றாவது ஞாயிறு ஏர்த்துக்குப் போனது. இடது லைற் மங்கல். பெயின்றுக்கு மேலேயே போல்ற்றை இறுக்கியிருந்தது. கடற்காற்றுக்கு வொஷருக்கு அடியில் பச்சை பிடிக்க எங்கள் ஊரில் அதிக நாள் தேவையில்லை. தகட்டைச் சுரண்டி, இறுக்கி, மேலே கிறீஸ் பூசினேன்.

போன புதன் கந்தளாய்க்கு அங்கால் ஒரு கொம்பன், ரோட்டோரம் கிளையை இழுத்துக்கொண்டு நின்றது. நல்ல தூரத்திலேயே தெரிந்தது. நிறுத்தி, டிம் அடித்து, அது போகுமட்டும் இருந்தேன்.

பழுதென்று கழற்றின ரிலே நல்லாத்தான் இருக்குது. ஹோனுக்குப் போட்டுவிட்டேன்.